பிணந்தின்னி என்று பெயர் வைத்துவிட்டு

திருக்கழுக்குன்றம் மலைக்கோவிலுக்கு உச்சிப்பொழுதில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வரும். பாறையில் உட்கார்ந்து காத்திருப்பவர் வைக்கும் சோற்றைத் தின்றுவிட்டுப் பறந்துவிடும். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே போய்வரும் வழியில் இங்கே பசியாறுகின்றன என்பது ஊரார் நம்பிக்கை. அதைப் பார்க்கவே கூட்டம் படியேறும். 1990களின் பிற்பகுதியோடு அந்த வருகை நின்றுபோனது. கலி முற்றிவிட்டது, அதனால்தான் வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். இன்றும் அங்கே போய்க் கேட்டால் அந்த விளக்கத்தைச் சொல்ல ஆள் உண்டு.

அந்தப் பறவை மஞ்சள்முகப் பாறு. செத்த உடல்களைத் தின்னும் கழுகு வகைக்குப் பாறு என்று பெயர். வெள்ளை உடலும் மஞ்சள் பூசியதுபோல் முகமும் கொண்டது என்பதால் மஞ்சள் திருடி என்றும் ஒரு பெயர் அதற்கு உண்டு. கோவிலுக்கு வந்த இரண்டும் இன்ன காரணத்தால்தான் போயின என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்து விழுந்துகொண்டிருந்தன. அதன் காரணத்தை அறிவியல் கண்டுபிடித்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கலி முற்றிய கதை ஊர்தோறும் போய்ச் சேர்ந்தது, மாட்டு ஊசியின் கதை சேரவில்லை. உயிர்ப்பன்மையை மக்களுக்கு எடுத்துச் சொல்வதில் நாம் எங்கே தவறுகிறோம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடைவெளிதான் நினைவுக்கு வருகிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990களின் பிற்பகுதியில் ராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் விபு பிரகாஷ் என்ற பறவையியலாளர், மரக்கிளைகளில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் பாறுகளைக் கவனித்தார். நாட்கணக்கில் அப்படியே இருந்துவிட்டு அவை கீழே விழுந்து செத்தன. ஏதோ வைரஸ் என்றுதான் பலரும் முதலில் சந்தேகித்தார்கள். 2004ல் பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் விடையைக் கண்டுபிடித்தார்கள்: டைக்லோஃபினாக். நாம் மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. மாட்டுக்குக் காய்ச்சலும் வலியும் வந்தால் மலிவாகக் கிடைக்கும் ஊசி. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்து, அந்த உடலைப் பாறு தின்றால், அதன் சிறுநீரகம் செயலிழக்கும். வெளியேற முடியாத யூரிக் அமிலம் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோல் உள்ளுறுப்புகள் மேல் படியும். சில நாட்களில் சாவு.

செத்த மாடுகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே பாறு இனம் சரிந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இது நம்பமுடியாததுபோல் தோன்றும். பாறு எப்படிச் சாப்பிடும் என்பதை யோசித்தால் புரிந்துவிடும். ஒரு மாட்டின் உடலைச் சுற்றி ஐம்பது, நூறு என்று கூட்டமாக உட்காரும். ஒரே பந்தியில் எல்லோருக்கும் நஞ்சு. அதோடு, இந்தப் பெரிய பாறுகள் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். காக்கையைப்போல் இழந்ததை ஈடுகட்ட அதனால் முடியாது. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 சதவீதம் வீழ்ந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

புலிகள் இப்படிக் குறைந்திருந்தால் பாராளுமன்றம் கொதித்திருக்கும். பாறுக்கு ஏன் அப்படி நடக்கவில்லை? காரணத்தின் ஒரு பாதி நம் வாயில் இருக்கிறது. நாம் அதற்கு வைத்திருந்த பெயர் பிணந்தின்னிக் கழுகு. ஒரு குழந்தையிடம் போய், பிணந்தின்னியைக் காப்பாற்ற வேண்டும் என்று சொன்னால் அது முகத்தைச் சுளிக்கும். அரசியல்வாதியைத் திட்ட உதவும் சொல்லை ஒரு பறவையின் தலையில் கட்டிவிட்டு, அதன் மேல் அன்பு காட்டச் சொல்வது எப்படி?

நீலகிரி மலையடிவாரத்திலும் சத்தியமங்கலம் பக்கத்திலும் இந்தப் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாக உழைத்துவரும் அருளகம் அமைப்பினர் இங்கேதான் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பாறு என்ற பழைய தமிழ்ச் சொல்லைத் தூசி தட்டி எடுத்து மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பழந்தமிழ்ப் பாடல்களில் போர்க்களம் வரும் இடங்களில் பாறும் எருவை என்ற கழுகும் வருகின்றன. அந்தப் பெயர்களில் இழிவு இல்லை. இப்போது நாளிதழ்கள் பாறு கழுகு என்று எழுதுகின்றன, வனத்துறையின் அறிவிப்புகளிலும் அந்தச் சொல் வருகிறது. பெயரை மாற்றியதால் ஒரு பறவைகூடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை என்று யாராவது சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் அந்தப் பெயர் மாறிய பிறகுதான் ஒரு ஆசிரியரால் வகுப்பறையில் இந்தப் பறவையைப் பற்றிப் பத்து நிமிடம் பேச முடிகிறது.

தமிழில் இது பாறோடு முடிகிற சிக்கலில்லை. மெலிந்தவரைத் தேவாங்கு என்கிறோம். ஆந்தைக்குச் சாக்குருவி என்று பெயர் வைத்துக் கல்லெறிகிறோம். அதே ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று நெல்வயலில் டி வடிவக் குச்சி நட்டுவைக்கும் விவசாயியும் நம்மோடுதான் இருக்கிறார். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியில் 11,806 ஹெக்டேரில் தேவாங்கு சரணாலயம் 2022ல் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம். மாந்திரீகத்துக்காகப் பிடிக்கப்பட்ட, கண்ணில் பட்டால் கெட்ட சகுனம் என்று அடிக்கப்பட்ட ஒரு விலங்குக்கு இது பெரிய மாற்றம். ஆனால் சரணாலயத்துக்கு வெளியே அந்தச் சொல் இன்னும் வசைதான்.

பெயரைப் பற்றிப் பேசும்போது, உயிர்ப்பன்மை என்ற சொல்லையே கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்குரிய சொல் 1980களின் நடுவில், 1986ல் வாஷிங்டனில் நடந்த ஒரு கருத்தரங்கை ஒட்டி வால்டர் ரோசன் என்பவர் சுருக்கி உருவாக்கியது. ஆட்சியாளர்களும் பொதுமக்களும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பதற்காகவே பிறந்த சொல் அது. தமிழுக்கு வந்தபோது பல்லுயிர்ப் பெருக்கம் என்று பலர் மொழிபெயர்த்தார்கள், இன்றும் மேடைகளில் அதுதான் ஒலிக்கிறது. பெருக்கம் என்றால் நம் காதுக்கு எண்ணிக்கை கூடுவது. மக்கள்தொகைப் பெருக்கம், கொசுப் பெருக்கம். ஏரி முழுக்க ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தால் அதுவும் பெருக்கம்தான். அதன் அடியில் கெண்டை மீன்கள் மூச்சுமுட்டிக் கிடக்கும். பன்மை வேறு, பெருக்கம் வேறு. இந்த ஒரு சொல்லைத் திருத்தினாலே பாதிக் குழப்பம் தீரும் என்று நான் நினைக்கிறேன்.

1992ல் ரியோ டி ஜெனீரோவில் கையெழுத்தான உடன்படிக்கை உயிர்ப்பன்மையை மூன்று அடுக்குகளாகப் பார்க்கிறது. ஓர் உயிரினத்துக்கு உள்ளேயே இருக்கும் வேறுபாடு, உயிரினங்களுக்கு இடையே இருக்கும் வேறுபாடு, அவை வாழும் இடங்களுக்கு இடையே இருக்கும் வேறுபாடு. மாணவர்கள் இதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் முதல் அடுக்கு தமிழ்நாட்டில் எவருக்கும் புதிது இல்லை. காங்கேயம் காளை வண்டிக்கும் ஏற்றத்துக்கும் பேர்போனது. உம்பளாச்சேரி மாடு காவிரிப் படுகையின் சேற்றில் உழும். பர்கூர் மலைமாடு மேட்டில் ஏறி மேயும். எல்லாமே மாடுதான், ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது. 2017 சனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்டவர்களில் பலர் நாட்டு மாட்டினங்கள் அழிந்துவிடும் என்றுதான் கவலைப்பட்டார்கள். அவர்கள் பேசியது மரபணுப் பன்மையைப் பற்றி. அந்தக் கலைச்சொல் அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை.

மூன்றாவது அடுக்குதான் மக்களிடம் போய்ச் சேராமலே நிற்கிறது. பசுமை என்றால் மரம் என்று பழக்கிவிட்டோம். நீலகிரியின் மேல்மட்டத்தில் சோலைக்காட்டை ஒட்டிப் பரந்து கிடந்த புல்வெளிகளை வெறும் நிலம் என்று எண்ணி வாட்டில் மரங்களையும் தைலமரத்தையும் நட்டார்கள். தூரத்திலிருந்து பார்க்க இப்போது நல்ல பச்சை. ஆனால் வரையாடு தின்னும் புல் அங்கே இல்லை, மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி ஓடைக்கு மெல்ல விட்ட மண் அங்கே இல்லை. பொட்டல்வெளிக்கும் இதே கதிதான். மரக்கன்று நடும் விழா எடுப்பது சுலபம், படமும் நன்றாக வரும். ஆனால் ஒரு புல்வெளியைப் புல்வெளியாகவே விட்டுவைப்பதற்கு விழா எடுக்க நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

பாறுக்குத் திரும்புகிறேன். அங்கே யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது தெளிவாகத் தெரிகிறது என்பதே காரணம். நீலகிரி அடிவாரத்தில் மாயாறு பள்ளத்தாக்கிலும் சீகூர்ப் பகுதியிலும் மாடு மேய்ப்பவர் குற்றவாளி இல்லை. தன் கிழட்டு மாட்டின் வலி தீரட்டும் என்று ஊசி போட்டவர் அவர். அவரிடம் போய், நீங்கள் ஓர் இனத்தையே அழித்துவிட்டீர்கள் என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவருக்குத் தேவை ஒரு மருந்தின் பெயர். மெலாக்சிகாம் போட்டால் மாட்டின் வலியும் தீரும், பாறுக்கும் ஆபத்தில்லை என்பது 2006லேயே சோதித்து உறுதியானது. மாடு மேய்ப்பவரிடமும் கால்நடை மருத்துவரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் கேட்கவேண்டியது அந்த ஒன்றைத்தான். புலியோ சிறுத்தையோ மாட்டை அடித்துவிட்டால் ஆத்திரத்தில் மிச்ச உடலில் நஞ்சு தடவிவைப்பவரிடம் பேசவேண்டியது வேறு: நஞ்சு முதலில் கொல்வது பாறுகளைத்தான் என்பதும், இழப்பீடு எங்கே, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதும். இழப்பீடு இழுத்தடிக்கப்படும் ஊரில் எந்தத் துண்டறிக்கையும் எடுபடாது.

சட்டமும் இதே வழியில்தான் நகர்ந்தது. கால்நடைகளுக்கு டைக்லோஃபினாக் 2006ல் தடைசெய்யப்பட்டது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் கடையில் கிடைத்துக்கொண்டே இருந்தன, அவை தொழுவத்துக்குப் போயின. 2015ல் மனிதர்களுக்கான ஊசிமருந்தை 3 மில்லிக்கு மேல் குப்பியில் அடைக்கக் கூடாது என்று அரசு உத்தரவிட்டது. ஒரு மாட்டுக்குப் போட வேண்டுமென்றால் பல குப்பிகளை உடைக்க வேண்டும். யாருக்கும் உயிர்ப்பன்மை பற்றிப் பாடம் எடுக்காமல், குப்பியின் அளவை மாற்றியே ஒரு பழக்கத்தைக் குறைத்தார்கள். விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்று மட்டும் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சொல்வதோடு சேர்த்து, செய்வதை எளிதாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 2023ல் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகிய இரண்டும் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தடைசெய்யப்பட்டன. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போய் டைக்லோஃபினாக்காகவே மாறுவது.

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து 2023 பிப்ரவரியில் எடுத்த கணக்கில் 246 பாறுகள் தென்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் 320. எண்ணிக்கை கூடியதா, கண்ணில் பட்டது கூடியதா என்று ஓராண்டுக்குள் சொல்லிவிட முடியாது. மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் அவை கூடு கட்டுகின்றன என்பது மட்டுமே இப்போதைக்குப் போதுமான நல்ல செய்தி.

நகரத்தில் இருப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது? அவருக்குத் தொழுவம் கிடையாது. அவரிடம் பேச ஒரு கணக்கு 2024ல் வெளிவந்தது. ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியலாளர்கள், பாறுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் முன்பே அவை அதிகம் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். பாறுகள் சரிந்த பிறகு முதல் வகை மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை மட்டும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. தின்ன ஆளில்லாமல் அழுகிய உடல்கள், அதனால் கெட்ட தண்ணீர், அந்த உடல்களைத் தின்று பெருகிய தெருநாய்கள், நாய்க்கடி, வெறிநோய் என்று அந்தச் சங்கிலி நீள்கிறது. ஒரு மாட்டின் உடலைப் பாறுக்கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அதன் வயிற்று அமிலம் பெரும்பாலான நோய்க்கிருமிகளைக் கொன்றுவிடும். நாயின் வயிற்றுக்கு அந்தத் திறன் இல்லை.

இந்தக் கணக்கு வலிமையானது, அதை நான் எல்லா இடத்திலும் சொல்கிறேன். ஆனால் அதை மட்டுமே சொல்லத் தயங்குகிறேன். பாறு நமக்குத் துப்புரவு வேலை பார்க்கிறது, அதனால் காப்பாற்றுங்கள் என்று சொன்னால், நாளை எரியுலை வைத்து அந்த வேலையைச் செய்துவிட்டால் பாறு வேண்டாமா? மும்பை மலபார் குன்றில் பார்சி மக்கள் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். இறந்தவர் உடலைப் பறவைகளுக்குக் கொடுப்பது அவர்கள் மரபு. பாறுகள் போனதும் சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை அங்கே வைத்தார்கள். மழைக்காலத்தில் அவை சரியாக வேலை செய்வதில்லை. வேலை செய்தாலும், வானத்திலிருந்து இறங்கி வந்த ஒன்றின் இடத்தைக் கருவி நிரப்பிவிட்டதாக அந்தக் குடும்பங்கள் நினைக்கவில்லை. பயனைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். திருக்கழுக்குன்றத்தில் படியேறியவர்கள் துப்புரவுக்காகவா ஏறினார்கள் என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், நம் பக்கத்துத் தவறு அது. தேனீக்கள் அழிந்தால் மனிதன் நான்கே ஆண்டில் அழிவான் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக மேடைதோறும் கேட்கலாம். அவர் சொன்னதற்கு எந்தச் சான்றும் இல்லை. டோடோ பறவை அழிந்ததால் மொரீஷியஸில் ஒரு மரம் முளைக்காமலே போய்விட்டது என்பது தமிழ்ச் சூழலியல் பேச்சில் இன்னொரு விருப்பக் கதை. 1977ல் ஓர் ஆய்வாளர் உண்மையிலேயே அப்படி எழுதினார். பிறகு பார்த்தபோது, டோடோ மறைந்த பின் பிறந்த இளைய மரங்களும் அங்கே இருந்தன, எந்தப் பறவையின் வயிற்றுக்குள்ளும் போகாமலே விதைகள் முளைக்கவும் செய்தன. கதை அழகாக இருப்பதால் இன்னும் ஓடுகிறது. எட்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி கைப்பேசியில் தேடிப் பார்த்து இது பொய் என்று தெரிந்துகொண்டால், நாம் சொன்ன பாறின் கதையையும் அவள் நம்பமாட்டாள். உண்மையே போதுமான அளவு வியப்பாக இருக்கும்போது பொய்யைத் துணைக்கு அழைப்பானேன்?

மதுரை அரிட்டாபட்டியில் இதெல்லாம் ஒன்றுகூடி வேலை செய்ததைப் பார்த்தோம். ஏழு மலைகளும் ஏரிகளும் சுனைகளும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டும் சமணர் படுக்கையும் கொண்ட அந்த ஊரையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேரை, மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் அறிவித்தது. பாறை விளிம்புகளில் லகர் வல்லூறு, ராஜாளி போன்ற வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன. இரண்டு ஆண்டு கழித்து, அதையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. மேலூர் சுற்றுவட்டாரமே எழுந்தது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், 2025 சனவரி 7ல் மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். கண்மாய் போய்விடும், மலைச்சாமி போய்விடும், ஆடுமாடு மேயுமிடம் போய்விடும் என்று பேசினார்கள். சனவரி 23ல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்துசெய்தது. அங்கே பாரம்பரியத் தலம் இருப்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பறவை பார்ப்பவர்கள் பல ஆண்டுகளாகக் குறித்துவைத்த பட்டியல் அரசாணையில் ஏறியிருந்தது, கண்மாயை நம்பிய மக்கள் தெருவில் இருந்தார்கள். இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் அந்த மலை என்ன ஆகியிருக்குமோ.

இதற்கான கருவி எல்லா ஊரிலும் ஏற்கெனவே இருக்கிறது. 2002ம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். ஊரில் உள்ள மரம், மீன், நெல், மாடு, மூலிகை, அவற்றுக்கு ஊரார் வைத்த பெயர், அவற்றைப் பற்றித் தெரிந்தவர் என்று எல்லாம் அதில் ஏற வேண்டும். பசுமைத் தீர்ப்பாயம் 2020 சனவரி 31 என்று கெடு வைத்து, தவறினால் அபராதம் என்றதும், பல இடங்களில் அவசர அவசரமாக எழுதி முடித்தார்கள். எழுதிய பதிவேடு ஊராட்சி அலமாரியில் இருக்கிறது. அது தன் ஊரைப் பற்றியது என்று ஊராருக்கே தெரியாது.

அதை வெளியே எடுத்து மே 1 கிராம சபையில் அரைமணி நேரம் உரக்கப் படிக்கலாம். ஆடு மேய்க்கும் பெரியவர் நடுவில் குறுக்கிட்டு, அந்தப் பெயர் தப்பு, எங்க ஊர்ல அதை வேற பேர்ல சொல்வோம் என்பார். அதைத் திருத்தி எழுதட்டும். ஒவ்வொரு உயிருக்கும் எதிரே முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று குறிக்க அந்தப் பதிவேட்டுப் படிவத்தில் இடம் உண்டு. திருக்கழுக்குன்றத்துப் பதிவேட்டில் மஞ்சள் திருடிக்கு எதிரே அந்த இரண்டு கட்டங்களிலும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.